டிராயரில் இருந்த பத்தாம் துண்டு

மெருகக்காவுக்குக் கோபம் வரும் என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். எப்போது வரும் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிற ஆள் இல்லை அவள். வருஷத்துக்கு ஒரு தடவை வரும். வந்தால், கூப்பிடாத விருந்தாளி மாதிரி நான்கு நாள் தங்கிவிட்டுத்தான் கிளம்பும். ஆனால் இந்தத் தடவை வந்தது, ஒரு வருஷம் ஆகியும் பெட்டியைக் கட்டவில்லை. கட்டச் சொல்லி யாரும் அவளிடம் கேட்கவும் முடியாது. அவ்வளவு நியாயம் அதில் இருந்தது.

உலோக ஆய்வுக்கூடத்தில் மாதிரித் துண்டுகளுக்கு மெருகு போடுவது அவள் வேலை. கேட்பதற்குப் பாத்திரம் துலக்குவது போல இருக்கும். அவளுடைய மாமியார் கண்ணை மூடும்வரை அப்படித்தான் நினைத்திருந்தார். "மருமக பெரிய ஆபீஸ்ல என்னமோ தேய்க்கிறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தேய்க்கிறாள் என்பது பொய்யில்லை. முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு அதைவிட நைசான தாள், பிறகு இன்னும் நைசு. ஒவ்வொரு தாளிலும் துண்டைக் குறுக்கே திருப்பிப் பிடித்து, முந்தைய தாளின் கீறல் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போகும்வரை தேய்க்கவேண்டும். கடைசியில் சுழலும் வட்டில் வெல்வெட் துணி, அதில் துளி வைரப் பசை. முகம் பார்க்கிற அளவு பளபளத்ததும் அமிலத்தில் ஏழு எண்ணும்வரை முக்கி எடுத்தால், உலோகம் தன் உள்கதையைச் சொல்ல ஆரம்பிக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அதிகம் அழுத்தினால் உலோகத்தின் மேல்தோல் கன்றிப்போகும். கன்றிய தோல் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் வைர ஊசியால் குத்திக் கடினம் பார்த்தால், உள்ளே மெத்தென்று இருக்கிற துண்டும் 'நான் இரும்புக் கடலை' என்று பொய் சொல்லும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அவள் இப்படி நாற்பது துண்டுகளைக் கெடுத்தாள். நாற்பதையும் அன்றைய தலைவர் ஜன்னல் வழியாக வீசினார். நாற்பத்தொன்றாவது துண்டை வீசவில்லை. அதற்கப்புறம் இருபத்தாறு வருஷத்தில் அவள் கையால் கன்றிப்போன துண்டு என்று ஒன்று கிடையாது. பதிலுக்கு அவள் விரல் ரேகைகள் தேய்ந்துபோயின. வாசலில் வைத்திருக்கிற வருகைப்பதிவு இயந்திரத்தில் எந்த விரலை வைத்தாலும் 'அடையாளம் தெரியவில்லை' என்று சிவப்பு விளக்கு எரியும். அதனால் அவளுக்கு மட்டும் தனியாக ஒரு நோட்டு. தினம் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவாள்.

அவள் கையில் இருந்த பெரிய பொறுப்பு ஏழாம் நம்பர் உலை. பதினோரு வருஷமாக அணையாமல் முந்நூற்று இருபது டிகிரியில் எரிந்துகொண்டிருந்தது அது. உள்ளே, விரல் நீளத்தில் பன்னிரண்டு சதுர எஃகுத் துண்டுகள். ஒவ்வொன்றோடும், கடினம் பார்ப்பதற்காகக் கம்பியில் கட்டிய ஒரு சின்ன வில்லை. நகரத்துக்கு வெளியே இருக்கிற மின்நிலையத்தின் பம்ப் ஹவுஸில் கொதிநீரைத் தள்ளுகிற பம்புகளுக்கு எந்த எஃகில் உடம்பு செய்திருக்கிறார்களோ, அதே எஃகு. வருஷத்துக்கு ஒரு துண்டை வெளியே எடுத்து, வயது ஏற ஏற எஃகுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கவேண்டும். பம்புகள் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லவேண்டும். அதுதான் ஏற்பாடு.

எஃகுக்கு வயது ஏறுமா என்று அவளுடைய கணவர் ஒருநாள் கேட்டார். அவர் அந்த மின்நிலையத்திலேயே பம்ப் ஃபிட்டர். கேட்கவேண்டிய ஆள்தான்.

"கல்யாண வீட்டை நெனச்சுக்குங்க" என்றாள். "இரும்பு பொண்ணு வீடு, குரோமியம் மாப்பிள்ளை வீடு. உருக்குற சூட்டுல ரெண்டு வீடும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா கலந்துரும். யாரு எந்தப் பக்கம்னே தெரியாது. சட்டுனு தண்ணியில போட்டீங்கன்னா கலந்தது கலந்தபடியே நின்னுரும், நகரத் தெம்பு இருக்காது."

"அப்புறம் என்ன பிரச்சினை?"

"நடுவாந்தரச் சூடுதான் பிரச்சினை. நகரத் தெம்பு இருக்கும், கலந்திருக்க மனசிருக்காது. வருசக்கணக்குல ஊர்ந்து ஊர்ந்து இவங்க ஒரு மூலை, அவங்க ஒரு மூலைன்னு கூடிக்குவாங்க. பிரியப் பிரிய எஃகு கெட்டியாகும். கெட்டின்னா வளைஞ்சு குடுக்காத கெட்டி. ஒரு அடி விழுந்தா ரஸ்க் மாதிரி ஒடையும்."

"நம்ம வீட்டுக் கதைதான்னு சொல்லு" என்றார் அவர். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

முதல் ஒன்பது வருஷமும் கதை அவள் சொன்னபடியே போயிற்று. வில்லையில் ஊசி குத்துகிற குழி வருஷத்துக்கு வருஷம் சின்னதாகிக்கொண்டே வந்தது. துண்டை ஊசல் சம்மட்டியில் வைத்து அடித்தால், முதல் வருஷம் உடையாமல் மடங்கியது, ஒன்பதாம் வருஷம் பாதிக்கு மேல் பிளந்தது. எல்லாம் அவள் கையெழுத்தில் நோட்டில் இருந்தது. இடையில், எட்டாம் வருஷம் புதுத் தலைவர் வந்தார். அவரைப் பெரிய டாக்டர் என்றும், அவர் கூட்டிவந்த ஆராய்ச்சியாளரைச் சின்ன டாக்டர் என்றும் எல்லோரும் சொல்வார்கள். இரண்டு பேருக்கும் ஊசி போடத் தெரியாது, உலோகத்தில் பட்டம் வாங்கிய டாக்டர்கள்.

பெரிய டாக்டருக்குப் பதினோரு வருஷம் காத்திருப்பது பிடிக்கவில்லை. நானூறு டிகிரியில் சில வாரம் வாட்டினால் போதும், மிச்சத்தைக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுக்கும் என்றார். கம்ப்யூட்டரும் போட்டுக் கொடுத்தது: பம்புகள் இன்னும் இருபது வருஷம் தாங்கும். அந்தக் கணக்கை அவர் நாலு நாடுகளில் பேசிக் கைதட்டு வாங்கிவிட்டார். இங்கே ஒருத்தி உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்து, 'இல்லை, கெட்டுக்கொண்டு வருகிறது' என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதட்டும் என்று விட்டுவைத்தார்.

பத்தாம் துண்டை எடுத்த வருஷம் சம்மட்டியின் அச்சு தேய்ந்து, ஊசல் தள்ளாடியது. வில்லைக்கு மெருகு போட்டுக் கடினம் பார்த்தாயிற்று. துண்டை என்ன செய்வது என்று கேட்டதற்குப் பெரிய டாக்டர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "ஹாமர் ரிப்பேராகி வரட்டும், எங்கயாவது வைங்க" என்றார். அவள் அதில் பத்து என்று பொறித்து, எண்ணெய்த் துணியில் சுற்றித் தன் மேஜை டிராயரில் போட்டாள். அறைச் சூட்டில் எஃகு ஒரு மயிரிழை நகராது. ஒரு நாள் கிடந்தாலும் நூறு வருஷம் கிடந்தாலும் ஒன்றுதான். சம்மட்டி சரியாகிவர அடுத்த வருஷமாகிவிட்டது. அதற்குள் துண்டை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பாதி நாள் அவளும் மறந்திருந்தாள்.

பதினோராம் துண்டை எடுக்க வேண்டியதற்கு முந்தின வாரம் கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். நான்கு நாள் லீவு போட்டாள். பதினோரு வருஷத்தில் ஏழாம் உலையை அவள் தொடர்ந்து நான்கு நாள் பார்க்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்து, குறிப்பிட்ட நாளில் இடுக்கியால் துண்டை எடுத்தபோதே அவளுக்கு முகம் சுருங்கியது. இதுவரை எடுத்த பத்தும் வைக்கோல் நிறத்தில் வந்தவை. இது கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. எஃகு பட்ட சூட்டைத் தன் தோலில் எழுதிவைத்துக்கொள்ளும். வைக்கோல் நிறம் ஒரு சூடு, கத்தரிப்பூ நிறம் அதற்கு ரொம்ப மேலே. தண்ணீரில் போட்டாள். வில்லைக்கு மெருகு போட்டாள். ஊசி குத்தினாள். குழி பெரிதாக, புத்தம்புது எஃகில் விழுவது போல விழுந்தது. மூன்று தடவை பார்த்தாள், மூன்று தடவையும் அதே. துண்டைப் புதிதாகச் சரிசெய்த சம்மட்டியில் வைத்தால் உடையவேயில்லை, பணிவாக மடங்கியது.

பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிவந்து மடங்கிய துண்டைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினார்.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? எஃகுக்கு ஒண்ணும் ஆகல. இத்தனை வருசமும் பழைய ஹாமர் கெட்டிருந்திருக்கு."

"ஊசி ஹாமர்ல இல்லையே சார். கடினமும் ஏறிக்கிட்டேதானே வந்துச்சு."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரித்தார். இரக்கப்படுகிற சிரிப்பு.

"அது உங்க கை. தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா அழுத்தம் கூடிப்போயிருக்கும். வயசாகுது இல்லையா? இந்தத் தடவை லீவுல ஓய்வெடுத்துட்டு வந்தீங்க, கை லேசா இருந்திருக்கு."

வந்ததே கோபம். ஆனால் அது வாய்க்கு வரவில்லை. காது மடல் இரண்டையும் கொதிக்க வைத்தது. இருபத்தாறு வருஷம். தேய்ந்துபோன பத்து விரல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த ஆளுக்குக் கணக்குப் போடத் தெரியாததற்கு இவள் கை கோணலாம். அவள் துண்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நேரே ஏழாம் உலை அறைக்குப் போனாள்.

உலைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பதிவுக் கருவி உண்டு. சுருள் காகிதம் மெல்ல நகர, ஒரு பேனா முனை சூட்டைக் கோடாக இழுத்துக்கொண்டே போகும். சுருளைப் பிரித்து, லீவு போட்ட நாட்கள் வரை பின்னோக்கிப் போனாள். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி வரை கோடு ஆணி அடித்தது போல நேராக ஓடியது. அதற்கப்புறம் கோடு இல்லை. மாலை நான்கு மணிக்கு மறுபடி ஆரம்பித்தது. ஐந்து மணி நேரம் வெறும் வெள்ளைக் காகிதம். யாரோ பேனாவைத் தூக்கிவைத்திருக்கிறார்கள். யாரோ சூட்டை ஏற்றியிருக்கிறார்கள்.

சூடு ஐந்நூற்றைம்பதைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூலைக்கு மூலை கூடிநின்ற இரண்டு வீட்டாரும் ஒரு மணி நேரத்தில் மறுபடி கலந்துவிடுவார்கள். பதினோரு வருஷம் அழிந்து, துண்டு குழந்தையாகிவிடும். உள்ளே மிச்சமிருந்த பன்னிரண்டாம் துண்டும் அதோடு போச்சு. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்களே, அது இதுதான். அவள் உலை மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள். துக்கத்தில் வந்த அழுகை இல்லை. யார் தலையிலாவது எதையாவது போட்டு உடைக்கவேண்டும், உடைக்க முடியவில்லை என்கிற அழுகை.

சுருளோடு பெரிய டாக்டர் அறைக்குப் போனாள்.

"பேனாவுல மை தீர்ந்திருக்கும்" என்றார்.

"நாலு மணிக்குத் தானா ஊறிச்சா சார்?"

"அம்மா, வியாழக்கிழமை மின்நிலையத்துலருந்து வர்றாங்க. அறிக்கை ரெடியா இருக்கு. 'மாதிரி தயாரித்தவர்'னு உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

"நான் போடமாட்டேன்."

"போடலைன்னா சின்ன டாக்டர் போடுவாரு. அதுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றவர், அவள் கதவு வரை போனதும் சேர்த்துச் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் அங்கதானே வேலை பாக்குறாரு? பம்ப் ஹவுஸை மூடினா யாருக்கு நஷ்டம்னு வீட்ல கேட்டுப் பாருங்க."

அவள் கேட்கவேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து செருப்பை உதறிய விதத்திலேயே கணவருக்கு விஷயம் சூடு என்று தெரிந்துவிட்டது. வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு, தையல் பிரியாமல் உட்கார்ந்திருந்தார். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தத்துக்கு நடுவே அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் என் குடலிறக்கமா?" என்றார்.

"விளையாடாதீங்க."

"சரி, விளையாடல. பம்ப் ஹவுஸை மூடினா எத்தனை பேர் வீட்ல உக்காரணும் தெரியுமா? எண்பது பேர். நானும் சேத்து எண்பத்தொண்ணு. பெரிய படிப்புப் படிச்சவங்க தாங்கும்னு சொல்றாங்க. நீ ஒருத்தி தாங்காதுன்னு நிக்கிற. பம்பு நல்லாத்தான் ஓடுது. ரெண்டாம் நம்பர் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தா முதுகுக்கு எவ்வளவு இதமா இருக்கும் தெரியுமா?"

அவள் கையிலிருந்த கரண்டி தொட்டிக்குள் விழுந்தது.

"அந்த ஸ்டூலை அங்கருந்து எடுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? வெடிச்சா உங்க முதுகுதான் முதல்ல போகும். அந்தப் படிச்சவங்க முதுகா போகும்?"

"வெடிக்காது."

"வெடிக்காதுன்னு யாரு சொன்னா? சொல்லுங்க, யாரு சொன்னா?" பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தது கேட்டது. "நான்தானே சொல்லணும்! அதுக்குத்தானே பதினோரு வருசமா அந்த உலையைக் காவல் காக்குறேன்! நான் சொன்னா என் கை சரியில்லைங்கிறாரு அவரு. வேலை போயிரும்ங்கிறீங்க நீங்க. எல்லாரும் சேந்து என் வாயைப் பொத்தினா எஃகு கேட்டுக்குமா?"

அவர் தலையணையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். அன்றைக்கும் மறுநாளும் அந்த வீட்டில் 'சாப்பிடுங்க' 'போதும்' என்ற இரண்டு வார்த்தைகள் மட்டுமே புழங்கின.

புதன்கிழமை மேஜை டிராயரில் எதையோ தேடும்போது கையில் எண்ணெய்த் துணி தட்டுப்பட்டது. பிரித்தாள். வைக்கோல் நிறம். பத்து என்ற எண். ஏழாம் உலையில் யார் என்ன அழிச்சாட்டியம் செய்திருந்தாலும், இந்தத் துண்டு அப்போது உள்ளே இல்லை. பத்து வருஷப் பிரிவும் கலையாமல் அப்படியே அதற்குள் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு துண்டு. சம்மட்டியில் ஒரு தடவைதான் அடிக்கலாம். தனியாக அடித்தால், 'துண்டை எப்படி வைத்தாயோ, உன் கை' என்பார்கள். ஒருவேளை பெரிய டாக்டர் சொல்வதே சரியாகி, துண்டு மடங்கிவிட்டால்? இருபத்தாறு வருஷமும் தன் கை பொய் சொல்லியிருந்தால்? அப்படியென்றால் அதையும் எல்லோர் முன்னாலும் தெரிந்துகொள்வோம் என்று துண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை மின்நிலையத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்க்கிற ரகம். மூன்றாமவர் பாதுகாப்பு அதிகாரி, ஓய்வுபெற ஒரு வருஷம் பாக்கி இருக்கிற, காது சற்று மந்தமான மனிதர். பெரிய டாக்டர் திரையில் வளைகோட்டைக் காட்டி, இருபது வருஷம் என்று முடித்தபோது மெருகக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"ஏழாம் உலையில நான் லீவுல இருந்தப்ப யாரோ சூடு ஏத்தியிருக்காங்க. அந்தப் பதினோராம் துண்டு கெட்டுப்போனது. அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"இப்ப வெளிய போறீங்களா?" என்றார் பெரிய டாக்டர்.

அன்று காலைதான் வெளியூரிலிருந்து திரும்பியிருந்த சின்ன டாக்டர் மூலையில் உட்கார்ந்திருந்தார். நல்ல பிள்ளை, கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் கொடுமை. உதவி செய்வதாக நினைத்து வாயைத் திறந்தார்.

"அக்கா, அதுக்கா இவ்வளவு கோபம்? நான்தான் ஏத்தினேன். என் துண்டுகளுக்கு ஐநூத்தறுபது வேணும், மத்த உலை எதுவும் காலியா இல்ல. ரெண்டே மணி நேரம்தான். தொண்ணூத்தாறாயிரம் மணி நேரத்துல ரெண்டு மணி நேரம் என்ன கணக்கு? உங்க சார்ட் அசிங்கமாகக் கூடாதுன்னு பேனாவைக்கூடத் தூக்கி வெச்சுட்டு, பழைய சூட்டுக்கு வந்தப்புறம்தான் எறக்கினேன்."

நுணலும் தன் வாயால் கெடும். பெரிய டாக்டரின் முகம் போன போக்கைப் பார்த்தால், அவருக்கு அந்த இரண்டு மணி நேரத்தின் அர்த்தம் நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்த மனிதர். சுருளைக் கையில் வாங்கிப் பார்த்த மனிதர். அதற்கப்புறமும் மை தீர்ந்துவிட்டது என்று சொன்ன மனிதர். சின்ன டாக்டர் மேல் வராத கோபமெல்லாம் அவளுக்கு அந்த நிமிஷம் அவர் மேல் திரும்பியது.

பாதுகாப்பு அதிகாரி காதைக் கையால் குவித்துக்கொண்டு கேட்டார்: "கெட்டுப்போகாத துண்டு ஏதும் இருக்கா, அம்மா?"

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

சம்மட்டி அறை சின்னது. ஆறு பேர் நின்றால் தோள் இடிக்கும். சரிபார்த்த சான்றிதழை அதிகாரி மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தார், இரண்டு மாதத்துக்கு முந்தினது. முதலில் உலையைப் பார்க்காத புதுத் துண்டு ஒன்றை அவரையே வைக்கச் சொன்னாள். ஊசலை உயரத் தூக்கி விட்டாள். சம்மட்டி விழுந்து, பொத்தென்று ஒரு சத்தம், துண்டை மடக்கித் தள்ளிவிட்டு, களைத்துப்போய் அந்தப் பக்கம் கொஞ்சதூரம் மட்டும் ஏறியது. அதன் பலமெல்லாம் துண்டை மடக்குவதிலேயே போய்விட்டது.

பிறகு பத்தாம் துண்டு. அதையும் அவரையே வைக்கச் சொன்னாள். "நான் தொடலை, பாத்துக்குங்க" என்றாள். "என் கை சரியில்லையாம்." இதைச் சொல்லும்போது அவள் பெரிய டாக்டரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பாள்.

பிடியை விட்டாள். டக். அவ்வளவுதான். யாரோ பென்சிலை ஒடித்த மாதிரி. சம்மட்டி வழியில் ஒன்று இருந்ததையே கவனிக்காதது போலத் தாண்டிப்போய், அந்தப் பக்கம் கிட்டத்தட்ட புறப்பட்ட உயரத்துக்கே ஏறியது. ஒரு பாதி கம்பிவலையில் மோதித் தரையில் உருண்டது. அதிகாரி குனிந்து இரண்டு பாதிகளையும் பொறுக்கி, உடைந்த முகத்தைக் கட்டைவிரலால் தடவினார். சர்க்கரைக் கட்டியை உடைத்தது போலச் சொரசொரவென்று மின்னியது. துளி வளைவு கிடையாது. கடிகாரம் பார்க்கிற இருவரும் கடிகாரம் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

"இது எத்தனை வருசம்?"

"பத்து."

"எங்க பம்புக்குப் பதினாலு" என்றார் அவர்.

பம்ப் ஹவுஸ் அடுத்த திங்கட்கிழமை நின்றது. அறிக்கை திரும்ப எழுதப்பட்டது. 'மாதிரி தயாரித்தவர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்து இருந்தது. இதற்குப் பரிசாகப் பெரிய டாக்டரிடமிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது: பதிவேட்டில் ஏற்றாமல் மாதிரியைச் சொந்த டிராயரில் வைத்திருந்தது ஏன், மூன்று நாளில் விளக்கம் தேவை. அவள் ஒரே வரியில் பதில் எழுதினாள்: 'எங்கயாவது வைங்க என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.' அதற்கப்புறம் கடிதம் வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. உங்கள் கைமேல் பழி போட்டது தப்பு என்று ஒரு வார்த்தை, மாடிப்படியில் போகிற போக்கில்கூட, அந்த மனிதர் சொல்லவில்லை. அவள் கோபம் பெட்டி கட்டாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் தெருவில் இருந்தது. எண்பத்தொரு பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள். கடைக்குப் போனால் பம்ப் ஹவுஸ் ஆட்களின் மனைவிமார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி காதில் விழும்படியே சொன்னாள்: "ஒரு துண்டை ஒடிச்சு எண்பது குடும்பத்தை ஒடிச்சுட்டா." வீட்டில் கணவர் ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாகத் தேறி, வேலையில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெருமூச்சு விடுவதையே ஒரு தொழிலாகச் செய்துவந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அவள் தினமும் போய் நோட்டில் கையெழுத்துப் போட்டு, ஏழாம் உலையில் புதிதாகப் பன்னிரண்டு துண்டுகளைக் கட்டி வைத்து, கதவில் பூட்டுப் போட்டுச் சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள்.

நான்காம் மாதம் பம்புகளைப் பிரித்துப் பார்க்க ஃபிட்டர்களைக் கூப்பிட்டார்கள். கணவர் காலையில் உற்சாகமாகக் கிளம்பிப் போனார். மாலையில் திரும்பி வந்தபோது சட்டையைக் கழற்றாமல், கை கழுவாமல், சமையலறை வாசலில் வந்து நின்றார். அவள் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் முடிந்தமட்டும் விரித்துக் காட்டினார். ஒரு சாண்.

"ரெண்டாம் நம்பர்" என்றார். "விரிசல். உள்பக்கத்துலருந்து வந்திருக்கு. வெளிய வர நகத்தளவு பாக்கி."

"எந்தப் பக்கம்?"

அவர் விரித்த கையை மடக்கவில்லை.

"எந்தப் பக்கம்னு கேக்குறேன்ல?"

"ஸ்டூல் பக்கம்."

அடுப்பை அணைத்துவிட்டு அவள் கத்தினாள். தெருவே கேட்கக் கத்தினாள். "எடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன், எத்தனை தடவை சொன்னேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, ரேகையில்லாத இரண்டு கையாலும் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் உலுக்க விட்டு நின்றார். பக்கத்து வீட்டு டிவி சத்தம் குறைந்தது. இந்தத் தடவை அவள் குரலைத் தணிக்கவில்லை.